இரட்டைக் குடியுரிமை இருந்தால் இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கலாமா?

நிற்க முடியாது. இலங்கைக் குடியுரிமையோடு வேறு நாட்டுக் குடியுரிமையும் உள்ளவர் நாடாளுமன்றத்துக்குத் தெரிவாகவும் முடியாது, அங்கே அமர்ந்து வாக்களிக்கவும் முடியாது. அரசியலமைப்பின் 91ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. மாவட்டத்தில் வெல்லாமல் கட்சி நியமித்துத் தேசியப்பட்டியலில் வருபவருக்கும் இதே தடைதான்.

2015இல் 19ஆம் திருத்தம் கொண்டுவந்த தடையை 2020இல் 20ஆம் திருத்தம் நீக்கியது. 2022இல் 21ஆம் திருத்தம் திரும்பவும் போட்டது. "முன்னாள் நிதி அமைச்சர் பசில் ராஜபக்ச இரட்டைக் குடியுரிமையோடு நாடாளுமன்றத்தில் இருந்தவர்தானே" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அவர் 2021இல் உள்ளே போனது 20ஆம் திருத்தம் நடைமுறையில் இருந்த காலத்தில். இப்போது அந்த வழி இல்லை.

வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து ஊருக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்கள்தான் இதில் அதிகம் ஏமாற்றப்படுகிறார்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு வாக்குரிமை உண்டு. வாக்காளர் இடாப்பில் பெயரைப் பார்த்ததும் நிற்கவும் உரிமை உண்டென்று நம்பிவிடுகிறார்கள். கட்சிக்காரரும் "கையெழுத்தைப் போடுங்கோ அண்ணை, மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்" என்பார்கள். அந்த மிச்சத்தை யாரும் பார்ப்பதில்லை. வேட்புமனுவை ஏற்கும் தெரிவத்தாட்சி அலுவலர், அதில் கையெழுத்து, கட்டுப்பணம், உறுதியுரை எல்லாம் சரியா என்று பார்ப்பார். நீங்கள் கனடாக் குடிமகனா, சுவிஸ் குடிமகனா என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார். வேட்புமனு ஏற்கப்பட்டதைத் தகுதிச் சான்றிதழாக எண்ணி ஒரு சதம்கூடச் செலவழிக்காதீர்கள்.

நடிகை கீதா குமாரசிங்கவின் வேட்புமனுவும் ஏற்கப்பட்டதுதான். 2015இல் காலி மாவட்டத்தில் வென்று நாடாளுமன்றத்தில் அமர்ந்தும் விட்டார். சுவிஸ் குடியுரிமையைக் காட்டி அந்த மாவட்ட வாக்காளர்கள் வழக்குப் போட்டார்கள். 2017 மே மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குத் தகுதியில்லை என்றது. நவம்பரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இராஜாங்க அமைச்சராக இருந்த டயானா கமகே பிரித்தானியக் குடியுரிமையால் 2024 மே 8ஆம் திகதி உயர் நீதிமன்றத் தீர்ப்போடு ஆசனத்தை இழந்தார். வழக்கு வர வருடக்கணக்கானாலும், வந்தால் ஆசனம் போகும்.

அப்படியென்றால் வெளிநாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுப்பது துறப்பு ஆகாது. காலாவதியாக விடுவதும் ஆகாது. விண்ணப்பித்த பற்றுச்சீட்டும் உதவாது. பிரித்தானியாவில் உங்கள் துறப்புப் பிரகடனத்தை உள்துறை அமைச்சு பதிவுசெய்த பிறகுதான் குடியுரிமை நீங்கும். அமெரிக்கர் என்றால் தூதரகத்தில் நேரில் உறுதிமொழி சொல்லி, குடியுரிமை இழப்புச் சான்றிதழ் அங்கீகரிக்கப்பட்டு வர வேண்டும். அந்த இறுதிக் காகிதம் கைக்கு வராமல் வேட்புமனுவில் கையெழுத்து வைக்காதீர்கள்.

இதைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது. இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்களின் இலங்கைக் குடியுரிமை, பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி அன்றைக்கே போய்விட்டது. பழைய அடையாள அட்டை பையில் இருக்கும், கிராம அலுவலர் பெயரை இடாப்பில் வைத்திருப்பார், ஆனால் சட்டப்படி நீங்கள் இலங்கையர் இல்லை. இவர்கள் முதலில் பத்தரமுல்லைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் இலங்கைக் குடியுரிமையைத் திரும்பப் பெற வேண்டும். அதன் பிறகுதான் மற்றதைத் துறக்கலாம். மாற்றிச் செய்யப் போனால் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் நிற்க நேரும்.

அங்கே உங்களைப் பெயரே அலைக்கழிக்கும். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால், வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் அதுவே குடும்பப் பெயராகப் பின்னால். ஓர் ஆங்கில எழுத்து கூடினாலும் குறைந்தாலும் கோப்பு நகராது. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற சத்தியக்கடதாசியை முதல் நாளே கொண்டுபோங்கள். கேட்கும்வரை காத்திருந்தால் இன்னொரு முறை கொழும்புக்கு ஏற வேண்டும். வாழ்ந்த நாட்டின் பொலிஸ் நற்சான்றும் கேட்பார்கள். கொடுத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

நிரந்தர வதிவிட அனுமதி மட்டும் உள்ளவர்கள் பயப்பட வேண்டாம். கிரீன் கார்டு குடியுரிமை அல்ல.

தேர்தல் அறிவித்த பின் இதையெல்லாம் தொடங்கினால் முடியாது. 2024இல் நாடாளுமன்றம் செப்டெம்பர் 24 கலைக்கப்பட்டது, ஒக்டோபர் 11இல் வேட்புமனு முடிந்தது. 17 நாளில் எந்தத் தூதரகமும் காகிதம் தராது. கட்சி எவ்வளவு நெருக்கினாலும் உங்கள் குடியுரிமை நிலையை எழுத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தகுதியில்லை என்று தெரிந்தும் அமர்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தண்டம் என்று அரசியலமைப்பில் உள்ளது. அது கட்சியிடமிருந்து அல்ல, அமர்ந்தவரிடமிருந்துதான் அறவிடப்படும்.