சொறிமுட்டையில் (ஜெல்லிமீனில்) குடியிருப்பவை எல்லாம் ஒட்டுண்ணியா?

ஒட்டுண்ணி: வேறோர் உயிரின் உடலில் தங்கி, அதிலிருந்தே உணவெடுத்து, அதற்குக் கெடுதி செய்து வாழும் உயிர். பாடநூல் இப்படிச் சொல்லும். வன்னியில் மாடு வளர்க்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த விளக்கம் தேவையில்லை. மாட்டின் காதுமடலுக்குள் விரலை விட்டால் ஒன்றிரண்டு அகப்படும். இரத்தம் குடித்து ஊதிப்போய்ச் சாம்பல் நிறத்தில் இருக்கும். அவசரப்பட்டுப் பிடுங்கினால் உடல் கையோடு வரும், வாய் தோலிலேயே நின்றுவிடும். அதுதான் உண்ணி.

சொல்லைப் பிரித்தால் ஒட்டு + உண்ணி. 'உண்' என்ற வினையோடு இகர விகுதி சேர்ந்து 'உண்பது' என்று பொருள் தருகிறது. தாவரவுண்ணி, விலங்குண்ணி, அனைத்துமுண்ணி எல்லாம் இதே வாய்பாடுதான். ஆனால் அவற்றைக் கேட்கும்போது யாருக்கும் மாட்டின் காது நினைவுக்கு வருவதில்லை. ஒட்டுண்ணி என்றால் உடனே வந்துவிடும். உண்பது என்ற பொதுப்பொருளும் உண்ணி என்ற பூச்சியும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இந்தச் சொல்லின் பலமும் அதுதான், தொல்லையும் அதுதான்.

மரத்தில் வாழும் ஒட்டுண்ணிக்கு ஊரில் பழைய பெயரே இருக்கிறது: குருவிச்சை. மாமரக் கிளையில் வேறு இலையோடு ஒரு பற்றை தெரிந்தால் கிளையோடு வெட்டி எறிவார்கள். தமிழ்நாட்டில் அதைப் புல்லுருவி என்பார்கள். உழைக்காமல் தின்பவரைத் திட்டவும் அந்தச் சொல் அங்கே உதவுகிறது.

ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் 'பரசைட்' என்ற சொல்லோ நல்ல குடும்பத்தில் பிறந்தது. கிரேக்கத்தில் 'பரா' என்றால் அருகில், 'சீத்தோசு' என்றால் தானியம், உணவு. பராசித்தோசு என்பவர் பக்கத்தில் இருந்து உண்பவர். தொடக்கத்தில் கோயில் விருந்துகளில் உட்கார உரிமை பெற்ற மதிப்பான ஆட்களுக்கே அந்தப் பெயர் இருந்தது. பிறகுதான் நாடகக்காரர்கள், பணக்காரன் வீட்டுச் சாப்பாட்டுக்காக அவனைப் புகழ்ந்து திரிபவனுக்கு அதைச் சூட்டினார்கள். உயிரியலுக்கு வந்து சேர்ந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து. அங்கே கருத்து விருந்தாளி. தமிழில் கருத்து பூச்சி. அதனால்தான் தமிழ்ச் சொல் கொஞ்சம் கடுமையாக ஒலிக்கிறது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இன்னொரு பக்கத்தில் கிரேக்கக் கருத்துக்கு அருகே போயிருக்கின்றன. ஒட்டுண்ணி எந்த உயிரில் வாழ்கிறதோ அதற்கு நாங்கள் படித்த பெயர் விருந்துவழங்கி. தமிழ்நாட்டில் ஓம்புயிர் என்பார்கள். விருந்துவழங்கி என்ற சொல்லில் ஒரு குறும்பு உண்டு. மாடு எந்தக் காலத்தில் உண்ணிக்கு விருந்து வழங்கியது?

சரி, கடலுக்கு வருவோம். முல்லைத்தீவுக் கரையில் அளம்பிலிலோ நாயாற்றிலோ கரைவலை இழுத்து மடியைக் கொட்டும்போது சொறிமுட்டை நிறைய வந்தால் தொழிலாளர் முகம் சுருங்கும். தொட்டால் சொறி, பார்த்தால் முட்டை. பெயர் வந்த வழி அதிலேயே தெரிகிறது. பத்திரிகைகள் ஜெல்லிமீன் என்று எழுதும். கலைச்சொல்லாக இழுதுமீன் என்றும் உண்டு. இழுது என்றால் பழந்தமிழில் நெய், கொழுப்பு. எனக்குச் சொறிமுட்டை போதும். அது மீனும் இல்லை, முட்டையும் இல்லை. பொய் இரண்டிலும் ஒன்றுதான் என்றால், கடிபட்டவன் வைத்த பெயர் மேல்.

இந்தச் சொறிமுட்டை தனியாகத் திரிவதில்லை. குடைக்குக் கீழே பாரைக்குட்டிகள் ஒதுங்கியிருக்கும். சிலுவை நண்டின் குஞ்சுகள் அதன் மேல் ஏறிச் சவாரி செய்யும். இந்தியப் பெருங்கடலில் மெல்லிய ஐந்து கைகளைக் கொண்ட ஒரு நட்சத்திர உயிரி, சொறிமுட்டை பிடிக்கும் இரையில் பங்கு திருடும். சப்பட்டையான சிங்கி இறால் இனத்தின் குடம்பி, அதாவது முட்டையிலிருந்து வந்த இளம் பருவம், இலைபோலத் தட்டையானது, கண்ணாடிபோல ஊடுதெரிவது. அது சொறிமுட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்தபடியே அதைத் தின்னும். அதன் கொட்டும் கலங்களையும் (செல்களையும்) சேர்த்து விழுங்கினாலும் குடலில் ஒரு மெல்லிய உறை அவற்றைச் சுற்றி மூடி வெளியே தள்ளிவிடுகிறது.

இவை எல்லாவற்றையும் ஒட்டுண்ணி என்று எழுதிவிடுகிறோம். அது சரியல்ல என்பதே என் கருத்து. பாரைக்குட்டி ஒட்டுவதும் இல்லை. நண்டுக்குஞ்சுக்குப் பெரும்பாலும் ஒரு வாகனம்தான் தேவை. மழைக்கு அடுத்தவர் தாழ்வாரத்தில் ஒதுங்கியவரைக் கள்ளன் என்பதுபோல ஆகிவிடுகிறது. இப்படி ஒதுங்குபவற்றை ஒண்டுயிரி என்று சொல்லலாம் என்பது என் யோசனை. ஒண்டுதல் எல்லோரும் அறிந்த வினை.

உணவில் பங்கு எடுத்தும் பெரிய கெடுதி செய்யாதவற்றுக்கு ஏற்கெனவே ஓர் அருமையான சொல் இருக்கிறது: ஓரட்டிலுண்ணி. பெல்சிய விலங்கியலாளர் பியர்-யோசெப் வான் பெனடன் 1875இல் வெளியிட்ட நூலில் ஒட்டுண்ணிகளையும் இவற்றையும் பிரித்துக் காட்டினார். அவர் எடுத்தது 'ஒரே மேசை' என்று பொருள்படும் இலத்தீன் வேர். தமிழாக்கியவர்கள் மேசையை விட்டுவிட்டு அட்டிலைப் பிடித்தார்கள். அட்டில் என்றால் சமையலறை. நற்றிணையில் தலைவி வியர்க்க வியர்க்கச் சமைக்கும் இடம் அதுதான். ஓர் அட்டிலில் உண்பது ஓரட்டிலுண்ணி. பரீட்சைக்கு மனனம் செய்த காலத்தில் வாயில் நுழையாத சொல்லாகப் பட்டது. பிரித்துப் பார்த்தால் இதைவிட நல்ல தமிழ் கிடைக்காது.

ஆனால் உயிர்கள் நம் சொற்களுக்கு அடங்குவதில்லை. பீச்சியா என்ற கடற்சாமந்தியின் குடம்பி சின்னச் சொறிமுட்டை ஒன்றின் குடலுக்குள் புகுந்து, அது விழுங்கியதில் பங்கெடுத்து வளரும். அதுவரை ஓரட்டிலுண்ணி. கொஞ்சம் பெருத்ததும் வெளியே வந்து ஒட்டிக்கொண்டு, அதே சொறிமுட்டையின் இனப்பெருக்க உறுப்பைத் தின்னத் தொடங்கும். இப்போது முழு ஒட்டுண்ணி. இத்தனைக்கும் இரண்டும் ஒரே கணத்தை, அதாவது விலங்குகளின் ஒரே பெரும்பிரிவைச் சேர்ந்த உறவுகள். வட அத்திலாந்திக்கில் ஐப்பீரியா என்ற பெரிய கண்களோடு, இறால்போல ஓடு கொண்ட சிறு உயிரும் இப்படித்தான்: தாய் தன் பையில் சுமந்த குஞ்சுகளைச் சொறிமுட்டையில் இறக்கிவிடும், குஞ்சுகள் வீட்டையே தின்னும்.

தட்டைப்புழுக்களின் குடம்பிகள் எதிர்ப்பக்கம். சொறிமுட்டையின் இழுதுக்குள் சும்மா காத்திருக்கும். அதைத் தின்னும் மீனின் குடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் முதிரும். இங்கே சொறிமுட்டை இடைநிலை விருந்துவழங்கி. ஒட்டவும் இல்லை, பெரிதாக உண்ணவும் இல்லை. ஆனாலும் இது ஒட்டுண்ணியேதான். சொல்லின் இரண்டு பாதியும் பொருந்தாத இடத்திலும் சொல் நிற்கிறது.

சொறிமுட்டையின் உறவினரான ஐதரோயிட்டுகள் கடலடியில் செடிபோலக் கிளைத்து நிற்பவை. சில கடற்சிலந்திகளின் குடம்பிகள் அவற்றின் உடலுக்குள்ளேயே புகுந்து வளர்கின்றன. வெளியே படர்ந்து வாழும் நுண்ணுயிர்களுக்குத் தாவரவியலின் மேலொட்டி என்ற சொல்லைக் கடன் வாங்கலாம். கடலுக்குப் போக வேண்டும் என்றும் இல்லை. குளத்துப் பாசியில் இருக்கும் ஐதரா என்ற சிறிய உறவினரின் உடல்மேல் கெரோனா என்ற ஒருகல உயிர் பிசிர்க்கால்களால் ஓடித்திரியும். அதன் இலத்தீன் இனப்பெயருக்குப் பொருள் பேன். பச்சை ஐதராவின் கலங்களுக்குள்ளோ குளோரெல்லா என்ற பாசி இருந்து உணவு தயாரித்துக் கொடுக்கிறது. அதற்கு ஒன்றியவாழி என்று பெயர்.

கடைசியாக மிக்சோசோவா. மீன்களிலும் புழுக்களிலும் வாழும் நுண்ணிய ஒட்டுண்ணிகள். நீண்டகாலம் இவற்றை ஒருகல உயிர்கள் என்றே வகைப்படுத்தினார்கள். மரபணுவைப் பார்த்தபோது சொறிமுட்டையின் உறவினர் என்று தெரிந்தது. கொட்டும் கலத்தைப் போன்ற உறுப்பு இன்னும் மிஞ்சியிருக்கிறது. அவற்றில் சல்மன் மீனின் தசையில் வாழும் எனேகுயா சல்மினிக்கோலாவுக்கு, கலத்துக்குள் சக்தி தயாரிக்கும் இழைமணியின் (மைற்றோகொண்ட்ரியாவின்) மரபணுத்தொகுதியே இல்லை, அதாவது ஒட்சிசனைக் கொண்டு சுவாசிக்கும் வழி இல்லை என்று 2020இல் வந்த ஆய்வு காட்டியது. விலங்குகளில் அப்படி ஒன்று தெரியவந்தது அதுவே முதல்முறை. இதை ஒட்டுண்ணி என்று எழுத யாரும் தயங்கப்போவதில்லை. பாடநூலில் எந்த அத்தியாயத்தில் வைப்பது என்பதில்தான் சண்டை வரும்.