ரப்பர் மூக்கு ரயில்

டென்மார்க்கின் ஐசி3 ரயிலை முதன்முதலாகப் படத்தில் பார்ப்பவர்கள், எங்கேயோ மோதி முகம் நசுங்கிய வண்டி என்றுதான் நினைப்பார்கள். கத்தியால் நறுக்கியது போன்ற தட்டையான முகம். அதைச் சுற்றி லாரி டயரைப் பதித்தது போல தடித்த கறுப்பு ரப்பர் வளையம், நடுவில் கண்ணாடி. ஐரோப்பிய ரயில் ரசிகர்கள் இதற்கு 'ரப்பர் மூக்கு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நானும் முதலில் அசிங்கமான வண்டி என்றுதான் நினைத்தேன். அது வேலை செய்யும் விதம் புரிந்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

டென்மார்க் பாதி தீவுகளால் ஆன நாடு. தலைநகர் கோபன்ஹேகன் ஒரு தீவில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே போகும் ரயில்கள் 1997 வரை கிரேட் பெல்ட் கடலைக் கப்பலில்தான் கடந்தன. பயணிகளோடு ரயிலே கப்பலுக்குள் ஏறிவிடும். நீளமான ரயில் அப்படியே ஏற முடியாது. துண்டு துண்டாகப் பிரித்து, பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளங்களில் நிறுத்த வேண்டும். கரை சேர்ந்ததும் மறுபடி கோக்க வேண்டும். போகப் போக ஒரு பகுதி ஓர் ஊருக்கும், இன்னொரு பகுதி வேறு ஊருக்கும் பிரிந்து போகும்.

ஆக, அந்த நாட்டுக்குத் தேவைப்பட்டது சட்டென்று பிரிந்து சட்டென்று சேரும் ரயில். சேர்ந்த பிறகு ஒரே ரயிலாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயம்தான் கஷ்டம். ஜப்பானின் ஹயபுசா, கொமாச்சி புல்லட் ரயில்களைப் பாருங்கள். இரண்டும் மொரியோகா நிலையத்தில் அழகாக மூக்கோடு மூக்கு இணையும். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போக முடியாது, மூக்கு வழியை அடைத்துக்கொண்டிருக்கும். ஹயபுசாவின் மூக்கு மட்டும் 15 மீட்டர். அதனால் முதல் பெட்டியில் 29 பேர்தான் உட்கார முடியும். மணிக்கு 320 கிலோமீட்டரில் சுரங்கத்துக்குள் பாயும் ரயிலுக்கு அந்த மூக்கு தேவைதான். ஐசி3-இன் உச்ச வேகம் 180. அதற்கு எதற்கு அவ்வளவு நீள மூக்கு?

சரி, இரண்டு ஐசி3 எப்படிச் சேர்கின்றன? ஒன்று நிற்கும், மற்றது மெல்ல வந்து தொடும். கீழே இருக்கும் தானியங்கிக் கொக்கி பூட்டிக்கொள்ளும்போதே பிரேக்குக்கான காற்றுக் குழாயும் மின் இணைப்புகளும் சேர்ந்துவிடும். தண்டவாளத்தில் ஆள் இறங்க வேண்டியதில்லை. அதே நேரத்தில் இரண்டு ரப்பர் வளையங்களும் ஒன்றையொன்று அழுத்திக் காற்றுப் புகாமல் மூடிக்கொள்ளும். வளைவில் திரும்பும்போது ஒரு பக்கம் ரப்பர் அமுங்கும், மறுபக்கம் விரியும், இடைவெளி விழாது. நம் ஊர் எக்ஸ்பிரஸில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு கூண்டு இருக்குமே, அந்த வேலையை இங்கே ரயிலின் முகமே செய்கிறது.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டிரைவர் உட்காரும் இடம் நட்ட நடுவில் இருக்கிறது. அவருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி, கைப்பிடிகள், மீட்டர்கள் எல்லாம் ஒரு பெரிய கதவின் மேல் பொருத்தப்பட்டவை. ரயில்கள் இணைந்ததும் அந்தக் கதவு முழுசாகப் பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். டிரைவர் அறை இருந்த இடத்தில் இப்போது அகலமான நடைபாதை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாகப் போகும் தாய்க்கு, சற்று முன்புவரை இங்கே ஒருவர் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது தெரியவே தெரியாது. இந்த முகம் மறைந்துபோவதற்காகவே செய்யப்பட்டது.

ஒரு தொகுப்புக்கு மூன்று பெட்டிகள், சுமார் 59 மீட்டர் நீளம். அடுத்தடுத்த பெட்டிகள் சேரும் இடத்தில் ஒரே சக்கரத் தொகுதி இரண்டையும் தாங்குவதால், ஆறுக்குப் பதில் நான்கு தொகுதிகளே போதும். எடை குறைகிறது. தொகுப்புக்கு நான்கு டீசல் இன்ஜின்கள் இருப்பதால், தனியாக ஓர் இன்ஜினைக் கழற்றி மாட்டும் வேலையும் இல்லை. ஐந்து தொகுப்புகள் வரை கோத்து ஒருவரே ஓட்டலாம்.

கிரேட் பெல்ட்டில் 1997-இல் ரயில் பாதை திறந்ததும் அங்கே கப்பல் பயணம் முடிந்தது. ஆனாலும் ஜெர்மனிக்குப் போகும் ஐசி3-கள் 2019 வரை வேறொரு கடல்வழியில் கப்பல் ஏறிக்கொண்டிருந்தன. ரப்பர் மூக்கும் டென்மார்க்கோடு நிற்கவில்லை. இஸ்ரேல் இதே ரயிலை வாங்கியது. பெல்ஜியம் தன் மின்சார ரயில் ஒன்றுக்கு இதே முகத்தை வைத்தது. கோபன்ஹேகனிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி ஸ்வீடன் போகும் ரயில்களிலும் இதே கறுப்பு வளையத்தைப் பார்க்கலாம்.

டென்மார்க் போக வாய்த்தால், பிரெடரிசியா நிலையத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ரயில்கள் பிரிவதும் சேர்வதும் அங்கே வழக்கம். பிளாட்பாரத்தின் நடுவில், இரண்டு ரப்பர் வளையங்கள் தொடும் இடத்துக்கு நேராக நின்றால் நன்றாகத் தெரியும்.