வளையும் மரமும் முறுக்கிய காகிதமும்

டென்மார்க்கின் ஃபூனன் தீவிலுள்ள ஓடன்ஸே நகரில் கார்ல் ஹான்சன் என்ற தச்சர் 1908-ஆம் ஆண்டு ஒரு மரப்பட்டறையைத் தொடங்கினார். 1943-இல் பொறுப்பேற்ற அவருடைய மகன் ஹோல்கர், 1949-இல் ஹான்ஸ் வெக்னர் என்ற இளம் வடிவமைப்பாளரை அழைத்து, தம் தொழிற்சாலைக்கெனச் சில நாற்காலிகளை வரைந்து தருமாறு கேட்டார். வெக்னர் டென்மார்க்கின் தென்கோடியிலுள்ள டுண்டர் ஊரில் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, இளம் வயதிலேயே தச்சுத் தொழிலை முறையாகக் கற்றவர். அவர் அப்போது வரைந்து தந்தவற்றுள் சிஎச்24 என்ற நாற்காலி 1950 முதல் இன்றுவரை இடைவிடாமல் தயாராகி வருகிறது. நவீன டேனிஷ் மரச்சாமான்கள் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இதன் தோற்றமே. ஆனால் இந்தக் குடும்பத் தொழிற்சாலை தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த உண்மையான சொத்து, வெப்பத்திலும் ஈரத்திலும் பாரத்திலும் மரம் எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவு என்றே நான் கருதுகிறேன். அந்த அறிவு இந்த நாற்காலியின் ஒவ்வொரு பாகத்திலும் செயல்படுவதைக் காணலாம்.

முதலில், அமர்பவரின் முதுகையும் முழங்கைகளையும் ஒருசேரத் தாங்கும் மேல்வளைவை எடுத்துக்கொள்வோம். இந்த வடிவத்தை அகலமான பலகையிலிருந்து அறுத்தெடுத்தால், நார்கள் நேராக ஓடிக்கொண்டிருக்க, வளைவு அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும்; அத்தகைய இடங்களில் மரம் எளிதில் பிளந்துவிடும். நேரான கட்டையை நீராவியில் வேகவைத்து வளைத்தாலோ, நார்கள் அறுபடாமல் வளைவோடு சேர்ந்தே ஓடும்.

மரத்தின் செல்சுவர்களில் செல்லுலோஸ் என்ற வலுவான இழைகள் இருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்து பிணைத்து நிற்பவை லிக்னின், ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள்கள். ஈரமுள்ள மரம் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை அடையும்போது இந்தப் பிணைப்புப் பொருள்கள் இளகி, இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே நழுவ இடம் தருகின்றன. ஆனால் அந்த இளக்கம் இரு திசைகளிலும் ஒரே அளவில் உதவுவதில்லை. நீராவியில் வெந்த பீச், ஓக் போன்ற மரங்களை நார்களின் நீளவாக்கில் அமுக்கினால், 25 விழுக்காடு வரைகூடச் சுருங்கிக்கொடுக்கும். இழுத்தாலோ 2 விழுக்காட்டைத் தாண்டுவதற்குள் நார்கள் அறுந்துவிடும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரிய சிக்கல் என்பதை ஒரு கணக்கால் உணரலாம். 30 மில்லிமீட்டர் தடிமனுள்ள கட்டையை, உட்புற ஆரம் 250 மில்லிமீட்டர் வரும்படி அரைவட்டமாக வளைப்பதாகக் கொள்வோம். உள்விளிம்பின் நீளம் ஏறத்தாழ 785 மில்லிமீட்டர். வெளிவிளிம்பின் நீளம் 880 மில்லிமீட்டர். உட்புறம் அப்படியே இருக்க வேண்டுமென்றால் வெளிப்புறம் 12 விழுக்காடு நீள வேண்டும். மரத்தால் அது இயலாது. ஆகவே, கட்டையின் வெளிமுகத்தை ஒட்டி ஓர் எஃகுப் பட்டையைப் பொருத்தி, இரு முனைகளையும் முட்டுக்கட்டைகளால் இறுக்கிவிடுகிறார்கள். பட்டை நீளாது என்பதால் வெளிப்புற மரமும் நீள முடியாது. மொத்த மாற்றத்தையும் உட்புறம் சுருங்கியே ஈடுசெய்ய வேண்டியிருக்கும். 11 விழுக்காட்டுச் சுருக்கம் வெந்த மரத்தின் எல்லைக்குள் அடங்குவதால், கட்டை முறியாமல் வளைகிறது. உலோகப் பட்டையைக் கொண்டு வளைக்கும் இந்த உத்தியை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மிகயேல் தோனெட் என்ற மரச்சாமான் தயாரிப்பாளர் தம் தொழிற்சாலைகளில் பெருமளவில் பயன்படுத்தினார். டேனிஷ் தச்சர்கள் அந்த வழியில் வந்தவர்களே. வளைத்த மரத்தை அச்சிலேயே பிடித்து வைத்து உலர்த்தும்போது லிக்னின் மீண்டும் இறுகி, புதிய வடிவம் நிலைபெறுகிறது.

பின்னே சாய்பவரின் பாரம் இந்த மெல்லிய வளைவின் நடுவில்தான் விழும். அங்கே அதைத் தாங்கி, பாரத்தை இருக்கையின் பின்சட்டத்துக்குக் கடத்துவதற்காகவே, ஆங்கில ஒய் எழுத்தைப் போலக் கிளைக்கும் பலகை அமைந்திருக்கிறது. அழகுக்காக வைத்ததாகத் தோன்றும் அந்தப் பலகை இல்லாவிட்டால் நாற்காலியின் முதுகு உறுதியாக நிற்காது.

இணைப்புகளில் ஈரப்பதம் குறுக்கிடுகிறது. காற்றின் ஈரத்துக்கேற்ப மரம் நீரை ஏற்பதும் விடுவதுமாக இருக்கும். நார்களின் நீளவாக்கில் அதன் அளவு மாறுவது மிகக் குறைவு, குறுக்குவாக்கில் பல மடங்கு அதிகம். சூடேற்றிய அறைகளில் கழியும் குளிர்காலத்தில் மரம் வறண்டு சுருங்கும், கோடையில் மீண்டும் உப்பும். கழுந்தை, அதாவது ஒரு பாகத்தின் செதுக்கிய முனையை, மற்றொன்றின் துளையில் செருகிப் பசையிட்ட இணைப்பில் இரு பாகங்களின் நார்களும் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால், இந்த ஏற்ற இறக்கம் பசையை ஆண்டுதோறும் சோதித்துக்கொண்டே இருக்கும். மரத்தைத் தொடக்கத்திலேயே, வீட்டுக்குள் அது இருக்கப்போகும் நிலைக்கு ஏற்ப உலர்த்தி வைப்பது இதனால்தான் முக்கியமாகிறது. துளையுள்ள நாற்காலிக் காலைவிடக் கழுந்தைச் சற்று அதிகமாக உலர்த்திச் செருகினால், அது பிறகு ஈரத்தை ஏற்று உப்பித் துளைக்குள் தானே இறுகிக்கொள்ளும் என்பது நாற்காலித் தச்சர்கள் நெடுங்காலமாக அறிந்த நுட்பம்.

இருக்கையைப் பின்னுவது காகிதக் கயிற்றால். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், அதுவரை பயன்பட்ட கடற்புல் போன்ற நார்ப்பொருள்கள் கிடைக்காமல் போனபோது, டென்மார்க்கில் அதற்கு மாற்றாக இந்தக் கயிறு வழக்கத்துக்கு வந்தது. காகிதம் மனிதரின் எடையைத் தாங்குமா என்று ஐயப்படுவது இயல்பே. ஆனால் இதற்கு எடுப்பது வெளுக்காத கிராஃப்ட் காகிதம். ஊசியிலை மரங்களின் நீண்ட இழைகள் சிதையாமல் அதில் இருக்கும். பட்டையாக வெட்டிய காகிதத்தை முறுக்கிப் புரிகளாக்கி, மூன்று புரிகளை மீண்டும் ஒன்றாக முறுக்கும்போது, கயிற்றை இழுக்க இழுக்கப் புரிகள் ஒன்றையொன்று மேலும் நெருக்கும். அந்த நெருக்கத்தால் கூடும் உராய்வு இழைகளை நழுவவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

கயிற்றுக் கட்டிலைப் போலவே இங்கும் பாரத்தின் பெரும்பகுதி சட்டங்களை உள்நோக்கி இழுக்கிறது. தொய்வு குறையக் குறைய இந்த இழுப்பு கூடும்: ஒரு கயிறு கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரி மட்டுமே தாழ்ந்து எடையைத் தாங்கினால், அதன் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த எடையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு இழுவிசை தோன்றும். அதை ஒரே கயிறு தாங்காமல், சிஎச்24 இருக்கையில் சுமார் 120 மீட்டர் நீளக் கயிறு நூற்றுக்கும் மேற்பட்ட இழைகளாகப் பகிர்ந்துகொள்கிறது. இருக்கையின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட அகலமானது. எனவே முன்மூலைகளில் கூடுதல் சுற்றுகள் போட்டு இடைவெளியை நேராக்கிய பிறகே, நான்கு மூலைகளிலிருந்தும் நடுவை நோக்கிச் சீராகப் பின்ன முடியும். தேர்ந்த கைக்கு இதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு சுற்றையும் ஒரே இழுப்பில் இறுக்குவதுதான் கடினம். தளர்ந்த சுற்று தன் பங்குப் பாரத்தை ஏற்காது, பக்கத்துச் சுற்றுகள் அதையும் சேர்த்துச் சுமக்க நேரும்.

இந்த நாற்காலிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வேலைப்படிகள் உண்டு. ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப அறுக்கும் வேலைகளைக் கணினிவழி இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. மரத்தைத் தேர்ந்தெடுப்பதும், தேய்த்து மெருகேற்றுவதும், பின்னுவதும் கண்ணையும் கையையும் நம்பியே நடக்கின்றன. இத்தகைய அறிவை வரைபடத்தில் முழுவதுமாக எழுதிவைக்க இயலாது, வேலை நிற்காமல் தொடர்ந்தால்தான் அது கைமாறும். 1962-இல் ஹோல்கர் இறந்தபோது எல்லா ஹான்சன் என்ற அவருடைய மனைவி தொழிற்சாலையின் பொறுப்பை ஏற்றார். 1988-இல் மூத்த மகன் யோர்கனும், 2002-இல் இளைய மகன் க்னுட் எரிக்கும் தலைமைக்கு வந்தனர். தொழிற்சாலை பின்னர் அதே தீவிலுள்ள கெல்ஸ்டெட் ஊருக்கு மாறியது. 1962-இல் கதவுகள் மூடப்பட்டிருந்தால் வெக்னரின் வரைபடங்கள் எஞ்சியிருக்கும். வெந்த கட்டையை எத்தனை நொடிக்குள் அச்சில் ஏற்ற வேண்டும் என்று அறிந்த கைகள் கலைந்துபோயிருக்கும்.

பழைய நாற்காலிகளை வைத்திருப்பவர்களும் இந்தத் தொடர்ச்சியால் பயன்பெறுகிறார்கள். பல பத்தாண்டு உழைப்பில் முதலில் தேய்வது காகிதக் கயிறுதான். நீரில் ஊறவிட்டால் இழைகளுக்கிடையிலான பிணைப்பு தளர்ந்து அது இன்னும் விரைவில் நலியும். ஆனால் கயிறு சட்டத்தோடு பசையால் ஒட்டப்படுவதில்லை. பழையதை வெட்டி எடுத்துவிட்டு, அதே சட்டத்தில் புதிய 120 மீட்டர் கயிற்றைப் பின்னிவிடலாம்.