வேகமாகத் துடிக்கும் இதயத்தை அடக்கலாமா?

செப்சிஸ் எனப்படும் கடும் கிருமித்தொற்றினால் இரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் (ஷாக்) போனவரைப் பார்க்க வரும் உறவினர்களின் கண், முதலில் மானிட்டரில் தெரியும் நாடித்துடிப்பின் மேல்தான் விழுகிறது. "நூத்து முப்பது அடிக்குதே டாக்டர், குறைக்க ஊசி ஏதும் இல்லையா?" என்று கேட்பார்கள். ஊசி இருக்கிறது, போடலாமா என்பதுதான் சிக்கல்.

தொற்றினால் இரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் சரியும்போது, உடல் அட்ரீனலினைச் சுரந்து இதயத்தை விரட்டுகிறது. சராசரி இரத்த அழுத்தத்தை 65 மி.மீ. பாதரச அளவில் நிறுத்துவதற்காக நாங்கள் ஏற்றும், குழாய்களைச் சுருக்கும் மருந்தான நார் அட்ரீனலினும் அந்த விரட்டலுக்குத் துணைபோகக்கூடும். இது நீடித்தால் இதய அறைகள் நிரம்புவதற்கே நேரமில்லாமல் தசை களைத்துவிடும் என்பதால், அட்ரீனலினின் விரட்டலைத் தடுத்துத் துடிப்பைக் குறைக்க இதயநோய்க்குத் தரும் பீட்டா பிளாக்கர் மருந்துகளை இங்கும் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2013-இல் ரோம் நகரில் 154 பேரிடம் நடந்த ஆய்வில், எஸ்மோலால் என்ற பீட்டா பிளாக்கரைக் கொடுத்து துடிப்பை 80-க்கும் 94-க்கும் இடையில் வைத்தபோது, 28 நாளில் இறந்தோர் விகிதம் 80.5 சதவீதத்திலிருந்து 49.4 ஆகக் குறைந்திருந்தது. மருந்து பெறாதவர்களில் ஐந்தில் நால்வர் என்று இவ்வளவு அதிகம் பேர் இறந்ததே எனக்கு உறுத்தலாக இருந்தது. பத்தாண்டு கழித்து, பிரிட்டனில் அதே வகை மருந்தான லேண்டியோலாலைக் கொண்டு நடந்த ஆய்வு 126 பேருடன் பாதியில் நிறுத்தப்பட்டது. அங்கே மருந்து பெற்றவர்களில் 37 சதவீதமும் பெறாதவர்களில் 25 சதவீதமும் இறந்தனர். தீங்கு என்று அறுதியிட இந்த எண்ணிக்கை போதாது, ஆனாலும் அலட்சியம் செய்ய முடியாது.

பலருக்கு அந்த வேகத் துடிப்பே கடைசி ஊன்றுகோல். ஆகவே நான் முதலில் தேடுவது காரணத்தை: காய்ச்சலா, வலியா, திரவம் போதவில்லையா, வெளியேற்றப்படாத சீழ் எங்காவது தங்கியிருக்கிறதா? எக்கோ எனும் இதய ஸ்கேனில் இதயம் சுருங்கும் திறனைப் பார்க்காமல் துடிப்பைக் குறைக்கும் மருந்தை நான் தொடுவதில்லை.

இதன் மறுபக்கம் வீட்டில் இருக்கிறது. அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகளை அன்றாடம் எடுப்பவருக்குத் தொற்று முற்றினாலும் நாடி 84 என்று சாதுவாகக் காட்டக்கூடும். அந்த எண்ணை நம்பி வீட்டில் காத்திருக்க வேண்டாம். குழப்பமான பேச்சு, மூச்சிரைப்பு, சிறுநீர் குறைவது, கைகால் சில்லிடுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். அன்றைய மாத்திரையை விழுங்குவதா, நிறுத்துவதா என்பதை அங்கே முடிவு செய்துகொள்ளலாம்.