திரையில் ஒரு நிறம், தாளில் வேறு நிறம்

சிவப்பு 200, பச்சை 30, நீலம் 30. படத்தின் ஒரு புள்ளியைப் பற்றிக் கணினிக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சிவப்பு நிறம், சரி. எந்தச் சிவப்பு? இதே எண்களை இரண்டு மானிட்டர்களுக்கு அனுப்பினால் இரண்டு சிவப்பு வரும். பிரிண்டருக்கு அனுப்பினால் மூன்றாவதாக ஒன்று வரும்.

இதற்குத் தீர்வு காண 1993இல் ஐசிசி (சர்வதேச வண்ணக் கூட்டமைப்பு) என்ற அமைப்பு உருவானது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ப்ரொஃபைல் கோப்பு இருக்கும். எந்த எண்ணுக்கு அந்தக் கருவி எந்த நிறத்தைக் காட்டும் என்பதை மனிதக் கண்ணின் அளவுகோலில் அது சொல்லும். மென்பொருள் படத்தின் எண்களை முதலில் அந்த அளவுகோலுக்கும், அங்கிருந்து பிரிண்டரின் எண்களுக்கும் மாற்றுகிறது.

போட்டோஷாப்பில் பலரும் தடுமாறும் இடம், அசைன் ப்ரொஃபைல், கன்வர்ட் டு ப்ரொஃபைல் என்ற இரண்டு கட்டளைகள். கன்வர்ட் எண்களை மாற்றி நிறத்தைக் காப்பாற்றும். அசைன் எண்களைத் தொடாது. அவற்றின் பொருளை மாற்றிவிடும். அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிறவெளியில் உள்ள படத்துக்கு, அதைவிடக் குறுகிய எஸ்ஆர்ஜிபியை அசைன் செய்து பாருங்கள், படம் சட்டென்று வெளிறிப்போகும்.

முதலில் மானிட்டரை அளவீட்டுக் கருவி வைத்துச் சரிசெய்ய வேண்டும். வெள்ளையின் சாயலுக்கு 6500 கெல்வின், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் விதத்துக்குக் காமா 2.2 என்பது வழக்கமான இலக்கு. வெளிச்சத்தையும் குறையுங்கள். அச்சு இருட்டாக வருகிறது என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம், கண் கூசும் அளவுக்கு ஏற்றிவைத்த திரைதான்.

அச்சிடும்போது நிற மாற்றத்தை யாராவது ஒருவர்தான் செய்ய வேண்டும். போட்டோஷாப் செய்யட்டும் என்று தேர்ந்தெடுத்தால், பிரிண்டர் டிரைவரில் உள்ள நிறத் திருத்தத்தை அணைத்தே ஆக வேண்டும். இரண்டும் இயங்கினால் ஒரே திருத்தம் இரண்டு முறை விழும். முகங்கள் மெஜந்தா பூசியதுபோல வருவது பல நேரம் இதனால்தான். அப்புறம், ப்ரொஃபைல் என்பது பிரிண்டர், மை, காகிதம் மூன்றும் சேர்ந்த ஒன்று. பளபளப்புத் தாளின் ப்ரொஃபைல், பளபளப்பில்லாத மேட் தாளுக்கு உதவாது.

திரை காட்டும் சில நிறங்களை மையால் எட்டவே முடியாது. அவற்றை என்ன செய்வது என்பதை ரெண்டரிங் இன்டென்ட் தீர்மானிக்கும். பெர்செப்சுவல், எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கி அவற்றுக்கிடையிலான உறவைக் காக்கும். ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், எட்டாதவற்றை மட்டும் ஓரத்துக்குத் தள்ளும். என் கை முதலில் போவது இரண்டாவதுக்குத்தான். அடர்ந்த பூக்களின் படமென்றால் முதலாவது.

எது பொருந்தும் என்பதைத் தாளை வீணாக்காமல், அச்சு எப்படி வரும் என்பதைத் திரையிலேயே காட்டும் சாஃப்ட் ப்ரூஃபில் பார்க்கலாம். இலவச மென்பொருளான கிம்ப்பிலும் இது உண்டு. போட்டோஷாப்பில் காகித நிறத்தைக் காட்டும் பெட்டியில் டிக் போட்டதும் படம் சோர்ந்துபோகும். பயப்பட வேண்டாம், காகிதத்தின் வெள்ளை, திரையின் வெள்ளையைவிட மங்கல். டிக் போடும் நொடியில் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, திரையில் வேறு வெள்ளை எதுவும் தெரியாதபடி முழுத்திரையில் பார்த்தால், கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். அதன் பிறகு திருத்துங்கள்.