ஸ்ட்ரோக் வந்தவங்க நடக்கும்போது பக்கத்துல நின்னு கமென்ட்ரி வேணாம்

தென்னாப்பிரிக்காவுல டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் ஃபிசியோவா இருக்கேன், ஸ்ட்ரோக் வந்தவங்க வீட்டுக்குப் போனா நான் அதிகமா கேக்குறது "அம்மா முட்டிய மடக்கு, பாதத்த தூக்கு, இடுப்ப நேரா வை, கீழ பாக்காத"ங்கிற சத்தம்தான், மக ஒரு பக்கம் பேரன் ஒரு பக்கம். அக்கறையிலதான் சொல்றாங்க, ஆனா அத்தனையும் காதுல விழுந்ததும் அந்தம்மா அப்படியே நின்னுடுறாங்க.

உடம்பு ரெண்டு வழியில கத்துக்கும். சொல்லிக் கொடுத்த ரூல மனசுல வச்சு செய்யறது எக்ஸ்ப்ளிசிட். செஞ்சு செஞ்சு, எப்படின்னு சொல்லத் தெரியாமலே கைக்கு வந்துடறது இம்ப்ளிசிட். ரெண்டும் மூளையில ஒரே இடம் இல்ல. வலிப்புக்காக 1953ல ஆபரேஷன் பண்ணி புது ஞாபகமே தங்காமப் போன ஹென்றி மொலைசன், கண்ணாடிய பாத்து நட்சத்திரம் வரையற பயிற்சியில நாளுக்கு நாள் தேறினார், முந்தின நாள் வரைஞ்சதே அவருக்கு நினைவில்ல! பிரெண்டா மில்னர்ங்கிற மூளை ஆராய்ச்சியாளர் பண்ண டெஸ்ட் அது.

ஸ்ட்ரோக் விஷயத்துல இது இன்னும் முக்கியம். மூளைக்குள்ள ஆழத்துல அசைவ ஒழுங்குபடுத்தற பேசல் கேங்ளியாங்கிற பகுதியில ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு, செய்யப்போற அசைவோட வரிசைய முன்னாடியே விளக்கிச் சொன்னா கத்துக்கறது கெட்டுப்போகுதுன்னு பாய்ட், வின்ஸ்டீன்ங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2004ல காட்டினாங்க, உதவின்னு நெனச்சு சொல்றதே இடைஞ்சல் ஆயிடுது பாருங்க.

அதனால நான் கை கால பத்தி பேசறதையே கொறச்சுட்டேன். "முழங்கைய நீட்டுங்க ஆன்ட்டி"ன்னு சொல்றதில்ல, ரொட்டி மாவ முன்னாடி வச்சு "அந்த ஓரம் வரைக்கும் தேய்ங்க"ம்பேன். வருஷக்கணக்கா ரொட்டி போட்ட கை, கட்டைய பிடிச்சதும் அதுவா நீளப் பாக்கும் (மாவு பலகைய விட்டு தரைக்குப் போகும், போகட்டும்). நடக்கும்போது "பாதத்த தூக்கு" வேணாம், "அந்தக் கதவு வரைக்கும் வாங்க" போதும். நீங்க பலவீனமான பக்கம் கைய ரெடியா வச்சுக்கிட்டு நில்லுங்க, வாய் மட்டும் சும்மா இருக்கட்டும்.

இதுக்காக எதையுமே சொல்லக்கூடாதுன்னு எடுத்துக்காதீங்க. வீல்சேர் பிரேக் போட்டுட்டுதான் எழுந்திரிக்கணும்ங்கிறத சொல்லியே ஆகணும், அத தட்டுத்தடுமாறி கத்துக்க விட்டா இடுப்பு உடையும். பார்க்கின்சன் இருக்கறவங்க கதையே வேற, அவங்களுக்கு தானா வர நடைதான் சுருங்கிப் போகுது, அதனால "பெரிய அடியா வைங்க"ன்னு சொல்றதும் தரையில கோடு ஒட்டி விடறதும் உதவும். உங்க வீட்ல இருக்கறது எதுன்னு தெரியலன்னா அடுத்த தடவ ஃபிசியோ வரும்போது "இவங்ககிட்ட எவ்வளவு பேசலாம்"னு நேராவே கேளுங்க, அதையும் பேஷன்ட் இல்லாத ரூம்ல.