ஈரமண்ணில் ஏன் இலை வாடுகிறது?

வீட்டுக்குள் வளர்க்கும் மான்ஸ்டெராவும் மணி பிளான்ட்டும் பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் சாவதில்லை. தண்ணீர் மிஞ்சித்தான் சாகின்றன. அது ஏன் மிஞ்சுகிறது என்று தேடிப்போனால், விஷயம் வெளிச்சத்தில் போய் நிற்கும்.

இவை வெப்பமண்டலக் காடுகளைச் சேர்ந்தவை. அடர்ந்த காட்டில் மர உச்சியில் விழும் வெளிச்சத்தில் 1 முதல் 2 சதவீதம்தான் தரைவரை இறங்கும். நிழலுக்குப் பழகிய செடி எந்த மூலையிலும் வளரும் என்ற நம்பிக்கை இதிலிருந்துதான் வருகிறது. ஆனால் வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், நண்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். அதில் 1 சதவீதமே 1,000 லக்ஸ். ஜன்னலுக்குத் தள்ளியிருக்கும் மூலையில் பட்டப்பகலிலும் 100, 200 லக்ஸ்தான் தேறும். நம் கண் இருட்டுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு அது உறைப்பதில்லை. இலைக்கு அந்த வசதி கிடையாது.

வெளிச்சம் குறைந்தால் இலைத்துளைகள் சரியாகத் திறக்காது. வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதி அந்தத் துளைகள் வழியாகத்தான் ஆவியாகிறது. ஆகவே ஊற்றிய நீர் போக வழியின்றித் தொட்டியிலேயே தேங்கும்.

வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களின் இடுக்கில் இருக்கும் காற்றே அதற்கு ஆதாரம். நீரில் ஆக்சிஜன் பரவும் வேகமோ காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. இடுக்குகளை நீர் அடைத்தால் வேர் திணறி, உறிஞ்சும் வேலையையே குறைத்துக்கொள்ளும். சுற்றிலும் ஈரம் இருந்தும் இலை தொங்கிப்போகும். தாகம் என்று நினைத்து நாம் இன்னும் ஊற்ற, பித்தியம் போன்ற நுண்ணுயிர்கள் வேரை அழுகவைக்கும். சந்தேகம் வந்தால் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து ஒரு வேரை விரலால் இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரில் மேல்தோல் வழுக்கிக்கொண்டு உருவி வந்து, நடுவில் நூல்போல ஒரு நரம்புதான் மிஞ்சும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் நீர் வடியும் என்பதை நம்ப வேண்டாம். நனைந்த ஸ்பாஞ்சைக் கிடையாகப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் சொட்டுவது நிற்கும். ஆனாலும் அதன் அடிப்பகுதியில் நீர் நிறைந்தே இருக்கும். மண்ணும் அப்படித்தான். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கற்களின் இடைவெளிக்கு நீர் எளிதில் இறங்காது. கல் போட்டால் அந்தச் சதசதப்பு மேலேறி வேருக்கு இன்னும் நெருக்கமாகிறது, அவ்வளவே. கல்லுக்குப் பதில் மரப்பட்டைத் துண்டுகளையும், பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைக் குருணைகளையும் மண் முழுவதும் கலந்தால் காற்றுக்கு நிஜமாகவே இடம் கிடைக்கும்.

கிழமை வைத்து நீர் ஊற்றுவதை விடுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டு, அங்கே காய்ந்திருந்தால் அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். அதற்கு முன், தொட்டியை ஜன்னலருகே நகர்த்துங்கள். நிழலில் விளைந்த மெல்லிய இலை நேர் வெயிலில் கருகிவிடும் என்பதால், ஓரிரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது நல்லது.